சீர்த்தட்டில் ஒரு ஜாய்ஸ்டிக்

புது வீட்டுக்குப் பால் காய்ச்ச நாள் குறித்ததும் எழுமலையிலிருந்து என் தம்பி போன் செய்தான். அப்பாவும் அம்மாவும் போன பிறகு எனக்குப் பிறந்த வீடு என்றால் அவன்தான். பால் காய்ச்சும் அன்று பிறந்த வீட்டுச் சீர் மேளத்தோடு வந்து இறங்க வேண்டும். வராவிட்டால் நான் அநாதை என்று என் மாமியார் வீட்டுச் சனம் முடிவு கட்டிவிடும்.

"அக்கா, என்ன வேணும்னு வாயத் தொறந்து சொல்லிரு. ரெண்டு கதவு பிரிட்ஜு எடுத்துரவா? வாஷிங் மெஷினா?"

"ரெண்டும் இருக்குடா."

"இருந்தா என்ன? அது பழசு."

"எனக்கு ஒரு ஜாய்ஸ்டிக் வேணும்."

மறுமுனையில் அவனுடைய உரக்கடையில் யாரோ யூரியா கேட்பது மட்டும் கேட்டது.

"எந்த ஸ்டிக்கு?"

"கம்ப்யூட்டர்ல கேம் ஆடுறது. நம்ம டிவி கேம்ல கையில பிடிச்சு அமுக்குவோம்ல, ரிமோட்டு, அது."

"பாப்பாவுக்கா?"

பாப்பா என்பது என் மகள். கோயம்புத்தூரில் கல்லூரி விடுதியில் இருக்கிறாள். கேம் என்றாலே அவளுக்குக் கொட்டாவி வரும்.

"எனக்குடா."

"சரிக்கா, கடையில ஆளு நிக்கிது, பெறகு பேசுறேன்" என்று வைத்துவிட்டான். வைத்த கையோடு என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "மச்சான், அக்காவுக்கு உடம்பு எதும் சரியில்லையா?" என்று விசாரித்திருக்கிறான். அவரும், "கேட்டத வாங்கிக் குடுத்துருங்க மாப்ள, நீங்க குடுக்கலைன்னா அவ பொலம்பல நான்தான் கேக்கணும்" என்றாராம். கல்யாணமான நாளிலிருந்து அவர் எனக்காகப் பரிந்து பேசிய இடம் அது ஒன்றுதான்.

எனக்கு உடம்பு நன்றாகத்தான் இருந்தது. நான் மதுரை செல்லூரில் ஒரு தறிக்கூடத்தில் கணினியில் சேலை பார்டருக்கு டிசைன் போடுகிறவள். திரை முழுக்கச் சின்னச் சின்னக் கட்டம் இருக்கும். எந்தக் கட்டத்தில் சரிகை, எந்தக் கட்டத்தில் நூல் என்று நிரப்பி நிரப்பி மயில் கொண்டு வர வேண்டும். ஒரு கட்டம் தப்பினால் மயிலுக்கு மூக்கு கோணிவிடும். அப்படி நாளெல்லாம் கட்டத்தையே பார்க்கிறவளுக்கு, சாப்பாட்டு நேரத்தில் அதே கணினியில் கட்டம் கட்டமாக ஒரு ஆள் துப்பாக்கியோடு ஓடினால் பிடிக்காமல் போகுமா? பழைய டிவி கேம்களைக் கணினியில் ஓட்டுகிற புரோகிராம் ஒன்றை நானே தேடிப் போட்டுக்கொண்டேன். முதலாளிக்குத் தெரியும். டிசைன் தப்பாமல் வருகிறவரை அவர் எதையும் கண்டுகொள்ளமாட்டார்.

கஷ்டம் என்னவென்றால் கீபோர்டு. மயில் போடுவதும் அதே விசை, ஆள் குதிப்பதும் அதே விசை. ஓடிக்கொண்டே குதித்துக்கொண்டே சுட வேண்டும் என்றால் விரல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன. மணிக்கட்டு வலி வேறு. அதற்குத்தான் ஜாய்ஸ்டிக் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன். அது பாதி நிஜம்.

மீதி நிஜம் இது. சின்ன வயதில் எங்கள் தாய்மாமா மதுரையிலிருந்து தம்பிக்கு ஒரு டிவி கேம் வாங்கி வந்தார். எனக்குக் கண்ணாடி வளையல். டிவி கேமில் இரண்டு ரிமோட் இருந்தது. ஒன்றாம் நம்பர் ரிமோட்டில் நடுவில் ஸ்டார்ட் என்று ஒரு பட்டன் உண்டு. ஆட்டத்தைத் தொடங்குவதும் அதுதான், பாதியில் நிறுத்தி வைப்பதும் அதுதான். இரண்டாம் நம்பரில் அந்தப் பட்டனே கிடையாது. செய்த புண்ணியவான், ரெண்டாவது ஆளுக்கு எதற்கு அதெல்லாம் என்று விட்டுவிட்டான். ஒன்றாம் நம்பர் தம்பிக்கு, இரண்டாம் நம்பர் எனக்கு. இதை யாரும் பேசி முடிவு செய்யவில்லை. சோறு போட்டால் முதல் தட்டு அவனுக்குப் போகிற மாதிரி, அதுவாகப் போயிற்று.

நன்றாகத்தான் ஆடுவேன். அவனைவிட நன்றாக ஆடுவேன் என்று இப்போதும் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். ஆனால் ஆட்டம் சூடு பிடிக்கிற நேரம் பார்த்து அம்மா அடுப்படியிலிருந்து கூப்பிடும். தண்ணி வந்துருச்சு, குடத்த எடு. சோத்த வடி. கோழிய அடை. அவனைக் கூப்பிடாது. "நிப்பாட்டி வைடா, வந்துர்றேன்" என்று கத்திக்கொண்டே ஓடுவேன். அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கமாட்டான். குடத்தை இறக்கிவிட்டு வந்து பார்த்தால் என் ஆள் செத்துக் கிடப்பான். ஒரு ஆட்டத்தைக்கூட நான் முடித்ததில்லை. எத்தனையோ நல்லது கெட்டது நடந்துவிட்டது, பிள்ளை பெற்று வளர்த்து வீடும் கட்டியாயிற்று, ஆனாலும் அந்தச் செத்த ஆளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. என் கையில் ஒரு ஸ்டார்ட் பட்டன் இருக்க வேண்டும், அதைப் பிறந்த வீடுதான் தர வேண்டும். எனக்கு வேண்டிய சீர் அவ்வளவுதான்.

தம்பியிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பான், நான் கையில் இருப்பதை விட்டு எறிவேன், பால் காய்ச்சுவது நின்றுபோகும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் பஸ் ஏறி ஆரப்பாளையத்தில் வந்து இறங்கினான். முகம் உர் என்று இருந்தது.

"அக்கா, யோசிச்சுப் பாரு. ஊர்லருந்து வேன்ல சனம் வருது. தட்டுல இம்புட்டூண்டு ரிமோட்ட வச்சுத் தூக்கிட்டு வந்தா என்ன பேசுவாங்கெ? உரக்கடைக்காரன் அக்காவுக்கு அழுத சீரப் பாருன்னு காறித் துப்புவாங்கெ."

"நீ பித்தள அண்டா வேணும்னாலும் வையி. ஆனா இது இருக்கணும்."

"பெருசா எதும் வருமா, இதுல?"

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கணினிச் சாமான் விற்கிற கடை ஒன்று இருந்தது. கடைக்காரர் என்னைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், "பையன் என்ன படிக்கிறான் மேடம்?" என்றார். எனக்குத்தான் என்றேன். அவர் மறுபடியும் தம்பியைப் பார்த்தார். அவன் பஸ் ஸ்டாண்டு பக்கம் திரும்பிக்கொண்டான்.

முதலில் ஒரு பெரிய கருப்புச் சாமானை எடுத்து வைத்தார். இரண்டு பக்கமும் கொம்பு, மேலே குடைக் காளான் போல இரண்டு குச்சி, சுற்றிலும் நீல விளக்கு. அழுத்தினால் கையிலேயே நடுங்கியது. தம்பிக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"அக்கா, உறுமுதுக்கா! இதவே எடுத்துருவோம். தட்டுல வச்சா தெருமுக்குலருந்து தெரியும்."

"எனக்கு உறும வேணாம். பழைய கேம்ல ஆளு நாலு பக்கந்தான் போவான். அதுக்குச் சிலுவை மாதிரி ஒரே பட்டன் இருக்கணும், கட்டைவிரல எடுக்காம அப்படியே சாய்க்கணும். குச்சியில ஆடுனா நேரா ஏறச் சொன்னா கோணலாப் போவான்."

அடுத்து வயர் இல்லாதது ஒன்று வந்தது. என் பையிலிருந்து பென் டிரைவை எடுத்து, நான் ஆடுகிற ஆட்டத்தை அவருடைய கணினியிலேயே போட்டுப் பார்த்தேன். பட்டனை அழுத்தின பிறகு ஆள் ஒரு நொடி யோசித்துவிட்டுக் குதித்தான். அந்த யோசனையில் பள்ளத்தில் விழுந்தான். எல்லா வயர்லெஸ்ஸும் இப்படித்தானா என்று எனக்குத் தெரியாது, அது அப்படித்தான் இருந்தது. வயர் உள்ளதே போதும் என்றேன். மூன்றாவது ஒன்று கைக்கு அடக்கமாக இருந்தது. ஆனால் நடுவில் ஸ்டார்ட் என்று எழுதாமல் மூன்று கோடு போட்டிருந்தது.

"அதான் மேடம் ஸ்டார்ட்டு. இப்ப எல்லாத்துலயும் கோடுதான்."

"ஸ்டார்ட்டுன்னு எழுதியிருக்கணும்."

"வேல ஒண்ணுதான் மேடம்."

"எழுதியிருக்கணுங்க."

தம்பி என் காதோரம் வந்து, "அக்கா, மானத்த வாங்காத" என்றான். யார் மானத்தை யார் வாங்கினார்கள் என்று அந்தக் கடையில் வைத்துப் பேச நான் விரும்பவில்லை.

கடைக்காரர் அலுத்துக்கொண்டே ஏணி போட்டு மேல் பரணில் தேடினார். தூசி தட்டிக் கொடுத்தார். பழைய டிவி கேம் ரிமோட் மாதிரியே சப்பையாக, செவ்வகமாக, சாம்பல் நிறத்தில், வயரோடு. இடது பக்கம் சிலுவைப் பட்டன், வலது பக்கம் இரண்டு சிவப்புப் பட்டன், நடுவில் ஸ்டார்ட் என்று எழுத்தில். கையில் வாங்கினதும் எனக்குக் குப்பென்று சந்தோஷம் வந்தது. மறைக்கவும் இல்லை.

"தனியாக் கிடையாது மேடம். ஜோடியாத்தான் வரும்."

ஜோடி என்றதும் தம்பி நிமிர்ந்தான். சீர் என்றால் ஜோடி நல்லதுதானே. அவன் பணம் எடுக்க, நான் இரண்டையும் கணினியில் செருகி ஒவ்வொரு பட்டனாக அழுத்திப் பார்த்தேன். முதலில் செருகினதைக் கணினி ஒன்றாம் நம்பர் என்று எடுத்துக்கொண்டது, அதன் ஸ்டார்ட் வேலை செய்தது. இரண்டாவதின் ஸ்டார்ட்டை அழுத்தினால் ஆட்டம் கண்டுகொள்ளவே இல்லை. மாற்றிச் செருகினேன். அப்போதும் அப்படித்தான். ரிமோட்டில் கோளாறு இல்லை. அந்த ஆட்டத்தைச் செய்தவர்களே இரண்டாவது ஆள் நிறுத்தச் சொன்னால் கேட்பதில்லை என்று முடிவு செய்துவிட்டார்கள். முன்பு இரண்டாம் நம்பருக்குப் பட்டனே இல்லை, இப்போது பட்டன் இருக்கிறது, பலன் இல்லை. முன்னேற்றம்தான்.

பால் காய்ச்சும் அன்று காலை தெருமுனைப் பிள்ளையார் கோயிலிலிருந்து சீர் கிளம்பியது. நான் புது வீட்டு வாசலில் ஆரத்தியோடு நின்றேன். மேளம் முன்னால் வந்தது. பட்டுப் புடவை, வேட்டி, வாழைத்தார், பழம், மஞ்சள், சர்க்கரை என்று வரிசையாகத் தட்டுகள். பித்தளை அண்டாவும் வந்தது. எல்லாவற்றுக்கும் முன்னால் என் தம்பி பெண்டாட்டி ஒரு வெள்ளித் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அதில் வெற்றிலைமேல் இரண்டு ரிமோட்டும் இருந்தன. வயரைச் சுருட்டி, சுருளின்மேல் மல்லிகைச் சரம் சுற்றியிருந்தாள்.

என் மாமியாரின் தங்கை தட்டை எட்டிப் பார்த்தார். சப்பையான பெட்டி, அதிலிருந்து வயர். தம்பியிடம், "பிரஷர் பாக்குற மிஷினாப்பா?" என்று கேட்டார். என் தம்பி அந்தக் கணத்தில் என்ன செய்திருக்க வேண்டும்? உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். அவன், "ஆமா அத்த, லேட்டஸ்ட்டு" என்றான்.

"அடப் பாவமே, இந்த வயசுலயே இவளுக்கு அம்புட்டுப் பிரஷரா? ரெண்டு மிஷினு வச்சுப் பாக்குற அளவுக்கு!"

அதற்குப் பிறகு பந்தி முடிகிறவரை எனக்கு யாரும் உப்புப் போட்ட எதையும் பரிமாறவில்லை. ஊறுகாய் கேட்டேன், தரவில்லை. சின்ன மாமியார் சாப்பிட்டு முடித்ததும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, முழங்கை வரை வளையலை ஏற்றிக்கொண்டு கையை நீட்டினார். "எனக்கும் ஒரு தடவ பாத்துச் சொல்லுத்தா." சார்ஜ் இல்லை என்று சமாளித்தேன்.

மூன்று மணிபோல் சனம் கொஞ்சம் கலைந்தது. உள்ளறையில், வீட்டில் எனக்கென்று இருந்த பழைய கணினியை ஏற்கெனவே மாட்டி வைத்திருந்தேன். தட்டிலிருந்து ரிமோட்டை எடுத்து, மல்லிகையைப் பிரித்துச் செருகினேன். ஆள் வலது பக்கம் ஓடினான். இடது பக்கம் திரும்பச் சொன்னால் கேட்கவில்லை. குனியச் சொன்னாலும் கேட்கவில்லை. கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தேன். சிலுவைப் பட்டனின் நடுவில் ஒரு பொட்டு. சந்தனம், அதன்மேல் குங்குமம். சந்தனத்தைத் தண்ணியாகக் கரைத்திருக்கிறாள். அது பட்டனைச் சுற்றி இருந்த சந்தில் இறங்கிக் காய்ந்து இறுகிவிட்டது.

தம்பி பெண்டாட்டியைக் கூப்பிட்டேன்.

"இது யாரும்மா வச்சது?"

"நாந்தான் மதினி. புதுசு வாங்குனா பொட்டு வைக்காமயா? எங்க வைக்கிறதுன்னு தெரியல. நடுவுல பொருந்துன மாதிரி இதான் நெத்தி மாதிரி இருந்துச்சு."

அவள்மேல் கோபப்பட முடியுமா? பிரிட்ஜுக்கு வைத்திருப்பாள், கிரைண்டருக்கு வைத்திருப்பாள், ஸ்கூட்டியின் விளக்குக்கு வைத்திருப்பாள். ஒன்றும் ஆகியிருக்காது. இதற்கும் வைத்தாள். நல்லவேளை, ஸ்டார்ட் பட்டன் சப்பையாக ஓரத்தில் கிடந்ததால் அவள் கண்ணில் படவில்லை. பட்டிருந்தால் நான் அன்றைக்கு என்ன பேசியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஊக்கையும் பழைய டூத் பிரஷ்ஷையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்து சந்தனத்தைச் சுரண்டி எடுத்தேன். இடது பக்கம் வேலை செய்தது. குனிவதும் வந்துவிட்டது. மூலையில் கொஞ்சம் குங்குமம் மட்டும் போகவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும்.

அப்போது தம்பி உள்ளே வந்தான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு திரையைப் பார்த்தான். உர் என்று இருந்த முகம் போன இடம் தெரியவில்லை.

"அட, இதுதானா! இத நம்ம ஆடுவோம்ல! குடு குடு."

கையை நீட்டினான். நேராக என் கையிலிருந்த ரிமோட்டுக்கு. அடுத்தது ஒன்று தட்டிலேயே கிடக்கிறது, அதன் பக்கம் கை போகவே இல்லை.

"இது என் சீர்டா. அத எடு."

எடுத்தான். அதையும் சுரண்டிக் கொடுத்தேன். நான் முதலில் செருகினேன், அவன் இரண்டாவது. ஸ்டார்ட்டை நான்தான் அழுத்தினேன். அழுத்தும் முன் கட்டைவிரலை முந்தானையில் துடைத்துக்கொண்டேன். இதற்குப் போயா என்று கேட்பவர்கள் கேட்கலாம்.

அவன் இன்னும் நன்றாகத்தான் ஆடினான். பாலம் உடைகிற இடம் வரை இரண்டு பேரும் சேர்ந்தே போனோம். "அக்கா, மேல, மேல! சுடு!" என்று கத்தினான். நானும் கத்தினேன். என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். அந்த நேரம் பார்த்து வாசலிலிருந்து அவன் பெண்டாட்டி குரல் கொடுத்தாள்.

"என்னங்க, வேன் டிரைவரு கத்துறாரு. வாடகப் பாத்திரத்த ஏத்தணும், வாங்க!"

"இந்தா வாரேன்!" என்று தன் ஸ்டார்ட்டை அழுத்தினான். ஆட்டம் நிற்கவில்லை. மறுபடி அழுத்தினான். நிற்கவில்லை. "ஏய், ஏய்" என்று அதைத் தட்டினான். ரிமோட்டைக் கட்டிலில் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினான். பொம்மை மாதிரி நின்ற அவன் ஆளை எதிரிகள் வந்து சுட்டார்கள். திரும்பத் திரும்பச் சுட்டார்கள், எல்லா உயிரும் போய்விட்டது. என்னால் நிறுத்தியிருக்க முடியும். என் விரல் ஸ்டார்ட்மேல்தான் இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேர்வையோடு திரும்பி வந்தவன் திரையைப் பார்த்து அலறினான்.

"செத்துட்டானா? அக்கா, இதுல ஸ்டார்ட்டு வேல செய்யலக்கா. அந்தக் கடைக்காரன் ஏமாத்திட்டான். நாளைக்கே போயி மாத்துவோம்."

"மாத்துனாலும் செய்யாது. ரெண்டாம் நம்பர்ல செய்யாது."

"ஏன்?"

"எப்பவுமே அப்படித்தான். நம்ம டிவி கேம்ல ரெண்டாம் நம்பர்ல ஸ்டார்ட்டே கெடையாது."

அவன் கட்டிலில் கிடந்ததைப் பார்த்தான். பிறகு என் கையிலிருந்ததைப் பார்த்தான்.

"கெடையாதா?"

"உனக்குத் தெரியாதா?"

"நான் அதத் தொட்டதே இல்லையேக்கா" என்றான். "நீ பாட்டுக்கு எந்திரிச்சுப் போயிருவ. சும்மா பேருக்குத்தான் உக்காருற, உனக்கு இது பிடிக்காது போலன்னு நெனச்சுக்கிட்டேன்" என்றான்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபமும் வந்தது. எத்தனை வருடமாக வைத்திருந்த கோபம். வேண்டுமென்றேதான் செய்தான் என்று இருந்தவரைக்கும் அதை வைத்துக்கொள்ள ஒரு இடம் இருந்தது. இவன் என்னடா என்றால் பார்க்கவே இல்லை என்கிறான். இதைக் கொண்டுபோய் எங்கே வைப்பது?

"கண்ணு அவிஞ்சா போச்சு? நிப்பாட்டி வைடா நிப்பாட்டி வைடான்னு தெருவுக்கே கேக்குற மாதிரி கத்துவேனேடா, எருமமாடு!"

"கத்துவ" என்றான். "காதுல விழும்."

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து இரண்டாம் நம்பர் ரிமோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். "மொதல்லருந்து போடுக்கா."

போட்டேன். பாலம் வந்தது, தாண்டினோம். சுவர் ஏறுகிற இடம் வந்தது. வாசலில் வேன் ஹாரன் அடித்தது, "இன்னும் வாடக அண்டா அடுப்பெல்லாம் கெடக்கு, எங்க போனீங்க?" என்று மறுபடியும் குரல். அவன் எழவில்லை. விரல்களை நிறுத்தாமல் திரையைப் பார்த்தபடியே கேட்டான்.

"அக்கா, நிப்பாட்டி வைக்கிறியா? போயிட்டு வந்துர்றேன்."

ஸ்டார்ட்டை அழுத்தினேன். இரண்டு ஆளும் அப்படியே நின்றார்கள். அவனுடையவன் குதிக்கிற பாதியில் அந்தரத்தில் நின்றான்.

"போயிட்டு வா."

அவன் போனான். வேனில் பாத்திரம் விழுகிற சத்தம் கேட்டது. நான் எழுந்து அடுப்படிக்குப் போனேன். அவசரம் இல்லாமல் காபி போட்டேன், உட்கார்ந்து ஆற அமரக் குடித்தேன், டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன். திரும்பி வந்து பார்த்தபோது என் ஆள் விட்ட இடத்திலேயே துப்பாக்கியோடு நின்றுகொண்டிருந்தான்.